பங்கேற்பாளர் 7

பத்தமடையில ஒரு பெரியம்மா வீடு.
கையில என் கேள்வித்தாள். முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கீங்க?"

"வேலையா? நான் சும்மா வீட்லதான இருக்கேன்."

சொல்லும்போதும் கை நிக்கல. தரையோட தரையா தறி. குச்சியில கோரையை வச்சு பாவுக்குள்ள ஓட்டுறாங்க, அச்சை இழுத்து அடிக்கிறாங்க. தண்ணியில நாள்கணக்கா ஊறி, காஞ்சு, முடி மாதிரி கிழிச்ச கோரை.
1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போன பாய் இந்த ஊரோடதுதான்.

'வேலை இல்லை'னு டிக் அடிக்கவா? பேனாவை மூடிட்டேன்.

அன்னிக்குத் தறியில இருந்தது கல்யாணப் பாய். மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, எல்லாம் செவப்புக் கோரையில.

"உங்க பேரு எங்க பெரியம்மா?"ன்னு பெண்ணியம் பொங்கக் கேட்டேன்.

சிரிச்சாங்க. "நீ எழுதுற புஸ்தகத்துல போடுவேல்ல?"

"இல்ல... ஆராய்ச்சி நெறிமுறை... பேரை மறைச்சிருவோம்."

"ஏன், நான் என்ன களவாண்டேனா?"

மூணு வருஷமா கோட்பாடு படிச்ச வாய். ஒரு வார்த்தை வரல. (அவங்க குடுத்த டீயை மட்டும் நல்லா குடிச்சேன்.)

ஆய்வேட்டு அட்டையில என் பேரு தடிச்ச எழுத்துல வரும். உள்ள அவங்க 'பங்கேற்பாளர் 7'.

"என் பேரைப் போடு"ன்னு கேட்டவங்க பேரை நிஜமாவே போட்டவங்க யாராவது இங்க இருக்கீங்களா? கைடுகிட்ட என்ன சொல்லிச் சமாளிச்சீங்க?