ஹோவர்டா? ஒகாஃபோரா?

ஃபேன்டஸி கூடைப்பந்தில் அணி எடுக்க உட்காருகிறவர்களுக்கு வழக்கமாக வரும் தலைவலி ஒன்று உண்டு. பட்டியலில் இரண்டு சென்டர்கள் இருப்பார்கள். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே உயரம், ஒரே வேலை. ரீபவுண்ட் எடுப்பார்கள், எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவார்கள், கூடைக்குப் பக்கத்தில் நின்று பாயிண்ட் சேர்ப்பார்கள். இருவருக்குமே ஃப்ரீ த்ரோ வராது. யாரை எடுப்பது?

இதற்கு ட்வைட் ஹோவர்ட், எமேகா ஒகாஃபோர் ஜோடியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2004 என்பிஏ டிராஃப்டில் முதல் இரண்டு இடங்களில் போனவர்கள் இவர்கள்தான். ஹோவர்ட் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த 18 வயதுப் பையன். ஒகாஃபோருக்கு 21 வயது. அந்த வருடம்தான் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். போதாததற்கு, மூன்றே வருடத்தில் நிதித்துறைப் பட்டமும்! அவரிடம் சொல்லப்பட்ட ஒரே குறை முதுகு வலி. முதலில் தேர்வு செய்யும் வாய்ப்பு ஆர்லாண்டோவுக்கு. அவர்கள் பையனை எடுத்தார்கள். ஒகாஃபோர் புதிதாகத் தொடங்கிய சார்லட் அணிக்குப் போனார்.

முதல் சீசன் முடிந்தபோது ஆர்லாண்டோ ஏமாந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. ஒகாஃபோர் ஆட்டத்துக்கு 15.1 பாயிண்ட், 10.9 ரீபவுண்ட். ஹோவர்ட் 12.0 பாயிண்ட், 10.0 ரீபவுண்ட். சிறந்த புதுமுகம் விருதும் ஒகாஃபோருக்கே. ஆனால் அடுத்த சீசனில் கணுக்கால் காயத்தால் ஒகாஃபோர் ஆடியது வெறும் 26 ஆட்டம். ஹோவர்ட் முதல் நான்கு சீசனிலும் 82க்கு 82. ஃபேன்டஸியில் பலர் மறந்துபோகும் எண் இது. ஆட வராதவனின் சராசரியை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அதற்காக ஒகாஃபோரை நோஞ்சான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2007-08 முதல் 2009-10 வரை மூன்று சீசனிலும் அவர் ஓர் ஆட்டம்கூட விடவில்லை. ஒரே ஒரு சீசனைப் பார்த்து ஒருவருக்கு முத்திரை குத்துவது எவ்வளவு தப்பு என்பதற்கும் இவரே உதாரணம்.

இப்போது 2008-09 சீசனைப் பார்க்கலாம். ஹோவர்ட் 20.6 பாயிண்ட், 13.8 ரீபவுண்ட், 2.9 பிளாக். ஒகாஃபோர் 13.2 பாயிண்ட், 10.1 ரீபவுண்ட், 1.7 பிளாக். ஃபீல்டு கோல் 57.2 சதவீதம், 56.1 சதவீதம். ஃப்ரீ த்ரோ ஹோவர்டுக்கு 59.4, ஒகாஃபோருக்கு 59.3. அச்சு அசலாக ஒரே பலவீனம். அப்படியென்றால் ஹோவர்டை எடுக்க யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது?

வேண்டும். சதவீதம் ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. ஹோவர்டை நிறுத்த வழி தெரியாமல் எல்லோரும் அவரை ஃபவுல் செய்தார்கள். அதனால் அந்த சீசனில் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 11 ஃப்ரீ த்ரோ. ஒகாஃபோருக்கு அதில் பாதிகூட இல்லை.

ஒரு வாரத்தில் அணியின் மற்றவர்கள் 100 ஃப்ரீ த்ரோவில் 80 போடுகிறார்கள் என்று வையுங்கள். ஹோவர்ட் வந்து 40க்கு 24 போட்டால் அணியின் கணக்கு 140க்கு 104, அதாவது 74.3 சதவீதம். ஒகாஃபோர் 20க்கு 12 போட்டால் 120க்கு 92, அதாவது 76.7. முதலாவதோடு அந்த வகையை ஜெயிப்பது குதிரைக்கொம்பு. இரண்டாவதில் நல்ல கார்டுகள் இரண்டு பேர் இருந்தால் சமாளித்துவிடலாம்.

ஆக, ஹோவர்டை எடுப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. வாசலில் யானை நின்றால் கம்பீரம்தான், ஆனால் வீட்டையே அதற்கேற்ற மாதிரி கட்ட வேண்டும். வாரா வாரம் ஓர் அணியோடு நேருக்கு நேர் மோதும் லீக் என்றால் ஃப்ரீ த்ரோவைத் துணிந்து கைகழுவிவிட்டு, மற்ற எட்டு வகைகளில் ஐந்தைக் குறிவைக்கலாம். நூலிழையில் தோற்றாலும் படுதோல்வி அடைந்தாலும் அந்த வகையில் ஒரே தோல்விதானே! சீசன் முழுக்க வகைவாரியாக இடம் போட்டுப் புள்ளி தரும் லீக்கில் இந்த வேலை நடக்காது. ஒரு வகையில் கடைசி இடம் என்றால் அது மொத்தக் கணக்கையும் கீழே இழுக்கும். அங்கே, முதல் சுற்றுகளில் நல்ல ஃப்ரீ த்ரோ ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பின்னால் மலிவாகக் கிடைக்கும் ஒகாஃபோரை எடுப்பவர்தான் புத்திசாலி.

இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமில்லை. 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2025இல் ஹால் ஆஃப் ஃபேம். ஆனால் பெரிய ஆட்டக்காரர் யார் என்பது ஒரு கேள்வி, இந்த அணிக்கு யார் பொருந்துவார் என்பது வேறு கேள்வி.

கடைசியாக ஒன்று. 2004இல் எல்லோரும் பயந்தது ஒகாஃபோரின் முதுகைப் பற்றி. 2012 ஏப்ரலில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது ஹோவர்ட். ஒகாஃபோரை 2013இல் வீழ்த்தியது முதுகல்ல, கழுத்து. நான்கு சீசன்கள் என்பிஏ பக்கமே வராமல் இருந்தவர், 35 வயதில், 2018இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக மறுபடி களம் இறங்கினார். அந்த வயதில் அவர் எடுத்த ரீபவுண்டுகளை எந்த ஃபேன்டஸி அணியும் பெரிதாக மதித்திருக்காது. அவருக்கு அவை சின்ன எண்களாக இருந்திருக்க முடியாது.