கொல்லிமலையின் 70 வளைவுகள்: கொதிக்கும் இன்ஜினுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால், காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. பின் இருக்கைக் குழந்தைகள் முதல் பத்து வளைவுகளை உற்சாகமாக எண்ணுவார்கள். முப்பதைத் தாண்டும்போது பாதிப் பேருக்குத் தலை சுற்றத் தொடங்கும்.

வண்டி ஓட்டுபவர் எண்ண வேண்டியது வளைவுகளை அல்ல. டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளைத்தான் அவர் கவனிக்க வேண்டும். கொல்லிமலையில் வண்டி நின்றுபோவதற்கு முக்கியமான காரணம் சூடு. ஆனால், சூடேறியதால் மட்டும் இன்ஜின் பாழாகிவிடுவதில்லை. சூடேறிய பிறகும் 'இன்னும் நாலு வளைவுதானே' என்று ஓட்டுவதுதான் அதைப் பாழாக்குகிறது.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

நாம் ஊற்றும் பெட்ரோலிலும் டீசலிலும் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. அதில் பாதி புகையோடு வெளியேறும். மற்றொரு பாதியைக் கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் ரேடியேட்டருக்கு எடுத்துவந்து காற்றில் விடவேண்டும்.

சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். காரவள்ளிக்கு மேலே நிலைமை தலைகீழ். முதல் கியர், இரண்டாம் கியர், 15 கிலோமீட்டர் வேகம், ஐந்து பேர், மேலே லக்கேஜ், கூடவே ஏசி. இன்ஜின் கடுமையாக உழைக்கிறது. காற்றோ குறைவாகத்தான் வருகிறது. எல்லாப் பாரமும் ரேடியேட்டர் ஃபேன் மீது விழுகிறது. ஆடி 18-ஐ ஒட்டி, ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாள்களில் வண்டிகள் வரிசைகட்டி நின்று நின்று நகரும்போது சூடு இன்னும் வேகமாக ஏறும்.

முள் ஏறத் தொடங்கினால்...

முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே போகிறதா? முதலில் ஏசியை அணைக்க வேண்டும். ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டிலும், ப்ளோயரை முழு வேகத்திலும் வைக்க வேண்டும். உள்ளே வியர்த்துக் கொட்டும்தான். ஆனால், ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது பிடுங்கிக்கொள்ளும்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, பானட்டிலிருந்து ஆவி வந்தாலோ அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பல சின்ன கார்களில் முள் இருக்காது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்.

வளைவிலேயே நிறுத்தினால் பின்னால் வரும் பேருந்து திரும்ப முடியாது. வளைவைத் தாண்டியதும் சாலை சற்று அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு விளக்குகளும் மின்னும்படி வைத்து, பின் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க வேண்டும். குழந்தைகள் பள்ளத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

மூடியைத் தொடாதீர்கள்!

அடுத்து எல்லோரும் செய்யும் தவறு, தண்ணீர் பாட்டிலோடு போய் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. மலையில் தினமும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கண்டால் தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்கள்: "அண்ணே, மூடியில கை வைக்காதீங்க, ஆறட்டும்!"

அவர்கள் பயப்படுவதில் காரணம் இருக்கிறது. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,200 மீட்டர் உயரத்தில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான், 110 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். உள்ளே இருப்பது ஆவியாகி முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். பிரஷர் குக்கரில் விசில் அடங்கும் முன் யாராவது மூடியைத் திறப்பார்களா? இதுவும் அதேதான்.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுழலும் என்பதால் அதன் அருகே கை போகக் கூடாது. கொதிக்கும் இன்ஜின் மீது பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் அலுமினிய ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம்.

எங்கே கோளாறு?

ஆறிய பிறகு, மெக்கானிக் வருவதற்கு முன்பே பாதிக் கோளாறைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

*கூலன்ட் டேங்க் காலியா?* வண்டிக்கு அடியில் பாருங்கள். நிறமில்லாத சொட்டு என்றால் ஏசி தண்ணீராக இருக்கலாம். பச்சை, சிவப்பு, நீலம் என நிறம் இருந்தால் கூலன்ட் கசிகிறது. பல நேரங்களில் ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளிப் தளர்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் போதும். மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறந்து கூலன்ட் ஊற்றலாம். இல்லையென்றால் நல்ல குடிநீர் ஊற்றலாம். தண்ணீர் ஆபத்துக்கு மட்டும்தான். ஊர் திரும்பியதும் சரியான கூலன்டை மாற்றிவிட வேண்டும்.

*கூலன்ட் நிறைய இருக்கிறது, ஃபேன் சுற்றவில்லையா?* இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம். அதே அளவுள்ள ஃப்யூஸைத்தான் மாற்ற வேண்டும்.

*பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிகிறதா?* பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. புது பெல்ட் போடும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

*மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறதா?* கூலன்ட் சுழலவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

*சைலென்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில்?* ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இனி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ரெக்கவரி வண்டிதான் வழி.

கிளிப் திருகும் வேலை சில நிமிடங்களில் முடியும். கேஸ்கெட் போனால் ஹெட்டை இறக்கி, லேத்தில் சமப்படுத்தி, மறுபடி மாட்ட நாள்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது, 'ஓட்டிடலாம்' என்று நினைத்த அந்த நாலு வளைவுகள்தான்.

பெரிய வேலை என்றாலும் பயப்படத் தேவையில்லை. மலைக்குக் கீழே இருப்பது நாமக்கல். லாரிகளுக்கும் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். இன்ஜின் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. காலையில் கிளம்பும் முன் 'தண்ணி, ஆயில் பார்த்தாச்சா?' என்று கேட்பது லாரிக்காரர்களின் பழக்கம். மலையேறும் குடும்பங்களும் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பைக்கில் வருகிறீர்களா?

பல பைக்குகளில் ரேடியேட்டர் கிடையாது; காற்றும் இன்ஜின் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கின்றன. இருவர் உட்கார்ந்து முதல் கியரிலேயே ஏறும்போது இழுவை குறைந்தால், இன்ஜினில் 'டக் டக்' சத்தம் கேட்டால், ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆயில் அளவைக் காரவள்ளியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இறக்கத்தில் சூடு இடம் மாறும்

திரும்பும்போது இன்ஜினுக்கு ஓய்வு. சூடு பிரேக்குக்குப் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். கருகும் வாடை வந்தாலோ, பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இத்தனையும் எதற்காக? மேலே செம்மேட்டில் ஓரியின் சிலை, அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன், மிளகும் காபியும் பலாவும் விளையும் தோட்டங்கள் எல்லாம் காத்திருக்கின்றன. 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போது தாத்தா, பாட்டி முதல் கல்லூரி மாணவர்கள் வரை எல்லோரும் நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. 70 வளைவுகளிலும் நம்மைச் சுமந்து ஏறும் இன்ஜினுக்கும் அந்த மூச்சு தேவைப்படும்.