கொடிக்கால் பிராஞ்ச்!

"என்னப்பா... வேலை போயிருச்சா?"

சோழவந்தானில் தெருவில் இறங்கினால் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான், சார்!

மதுரை - திண்டுக்கல் ரயில் பாதையில், வைகைக் கரை ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரை. டி.ஆர்.மகாலிங்கம் பிறந்த ஊர். அவரே பாடிப் பிழைக்க வெளியூர் போனவர்தான். ஆம்பிளை என்றால் வெளியே போய்ச் சம்பாதிக்கணும் என்பது இங்கே எழுதாத சட்டம்.

நானோ 2020 மார்ச் ஊரடங்கில் லேப்டாப்போடு வந்தவன். எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கேயே உட்கார்ந்து சென்னைக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். நடுநடுவே இந்த மாதிரிக் கட்டுரை.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி 2011-லேயே ஆபீஸ் திறந்தது. கிராமம்தான். ஆனாலும் கம்பெனி போர்டு இருக்குமே! என் வாசலில் இருப்பது அம்மா காயப்போட்ட வடகம்.

பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் எங்கே?" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். "வீட்லதான்..." என்றார் அப்பா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். பஜ்ஜி வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

போன மாதம் 20-ம் தேதி. ரிட்டர்ன் கட்டக் கடைசி நாள். காலையிலேயே கரன்ட் கட். வீட்டில் சிக்னலும் செத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொடிக்காலுக்கு ஓடினேன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலை, அகத்தியைப் பிடித்து ஏறுகிற இடம். நிழல், குளிர்ச்சி, முழு சிக்னல்!

வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "இங்க என்ன தம்பி பண்றே?"

"இன்னிக்கே அனுப்பணும், ஐயா. தவறினா நாளுக்கு 50 ரூபா தண்டம்."

நூறு இலை அடுக்கிய கவுளியைக் காட்டினார். "இதுவும் அப்படித்தேன். காலாகாலத்துல ஏத்தி விடலைன்னா வாடிரும். அப்ப உன்னோடதும் வாடுற சரக்குதான்னு சொல்லு!"

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள்! ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் வாசலில் யாரோ வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். அப்பா குரல் கணீரென்று உள்ளே வரை கேட்டது.

"வேலையெல்லாம் இருக்குப்பா. நம்ம வெத்தலை மாதிரி... இங்க விளையுது, வெளியூருக்குப் போகுது!"

வாசலில் போர்டு மாட்டின மாதிரி இருந்தது, சார்.