நான் சொல்லாமல் விட்ட பாதி

2019-இல் கிள்ளானில் ஒரு பிள்ளையின் கட்டிலருகே நின்று நான் பொய் சொன்னேன். அன்றைக்கு அதை விசுவாசம் என்று நினைத்தேன்.

நான் நாகர்கோவில்காரன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபையில் மிஷனரியாக ஊழியம் செய்ய வந்து அப்போது ஆறாவது வருடம். அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிள்ளானில் ஒற்றை அறையில் குடியிருந்தது. கையில் ஐ.நா. அகதி அட்டை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. ஆகவே அந்த அட்டையை வைத்துச் சட்டப்படி வேலை பார்க்க முடியாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். தகப்பன் கூலி வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சாப்பாடு இல்லை. ஏழு வயது மகளை டிங்கிக் காய்ச்சல் என்று வார்டில் சேர்த்தபோது தாய்க்குத் துணையாக நான் போய் இருந்தேன். தாய்க்கு மலாய் தெரியாது, ஆங்கிலமும் வராது. அங்கே அவருக்கு வாயும் காதும் நான்தான்.

அவர்கள் சைவக் குடும்பம். பிள்ளையின் நெற்றியில் திருநீறு இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனதில் ஓடியதையும் மறைக்கக் கூடாது. என்னைத் தாங்கும் ஊர்ச் சபைகளுக்கு மாதந்தோறும் ஊழியச் செய்தி அனுப்ப வேண்டும். எட்டு மாதமாகச் சாட்சி என்று எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஜெபித்தேன். அது என் ஜெபத்தால் நடந்ததாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. முந்தின இரவு பிள்ளையின் தலையில் கை வைத்து வெகுநேரம் ஜெபித்திருந்தேன். டாக்டர் வந்தார், இளம் பெண். மலாயும் ஆங்கிலமும் கலந்து, எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னார். காய்ச்சல் இறங்கியதை வைத்து நலம் என்று நினைக்க வேண்டாம். டிங்கியில் ஆபத்தான நேரம் இப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியலாம், இரத்த அழுத்தம் விழலாம். வயிறு வலித்தால், விடாமல் வாந்தி எடுத்தால், ஈறில் இரத்தம் கண்டால், கைகால் சில்லிட்டால், பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால் உடனே மிஸியை, அதாவது நர்ஸை, கூப்பிட வேண்டும். குடிப்பதையும் சிறுநீர் போவதையும் தாளில் குறித்துவர வேண்டும். "அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

நான் சொன்னது இது: "அம்மா, காய்ச்சல் விட்டாச்சு. ஆண்டவர் இரங்கிட்டார். இனி பயமில்ல. பிள்ளை நல்லா தூங்கட்டும்."

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறந்து விட்டேன் என்று சொல்லலாம், சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. ஆபத்து இனிமேல்தான் என்று வாய் திறந்தால் என் அற்புதம் கலைந்துவிடும். அதனால் விட்டேன்.

மதியம் கொமுட்டர் ரயிலில் ஏறி கே.எல். சென்ட்ரல் வந்தேன். மாலை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னேன். சபை கைதட்டியது. அன்றே ஊழியச் செய்தியையும் எழுதி அனுப்பினேன்.

அங்கே வார்டில், நாலு மணிவாக்கில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கிறாள். பசி என்று தாய் நினைத்தார். பிறகு அவள் தூங்கினாள். நான்தானே தூங்கட்டும் என்றேன், தாய் எழுப்பவில்லை. தாள் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த சுற்றில் வந்த மிஸி கையைத் தொட்டார், சில்லென்றிருந்தது.

"பாஸ்டர், பிள்ளையை எங்கையோ தள்ளிக்கொண்டு போகினம். என்ன சொல்லினம் எண்டு எனக்கு விளங்கேல்லை."

போனில் வந்த தாயின் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்சி பிடித்து ஓடினேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதே டாக்டர் நின்றார். "நான் சொன்னதைத் தாயிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். சொன்னேன் என்று தலையாட்டினேன். அவர் திரும்பித் தாயைப் பார்த்தார். எச்சரித்தும் தூங்கவிட்ட ஒருத்தியைப் பார்க்கும் பார்வை. தாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காலையில் சொன்ன பொய்க்காவது விசுவாசம் என்று ஒரு போர்வை இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

மூன்று நாள் கழித்து பிள்ளை வார்டுக்குத் திரும்பினாள், பிழைத்துவிட்டாள். அந்த ஆண்டு மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். அந்த 182-இல் அவளைச் சேரவிடாதவர்கள் டாக்டர்களும் மிஸிகளும். ஆனால் தாய் எல்லோரிடமும் "பாஸ்டர்தான் காப்பாத்தினவர்" என்றார். நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் தாய் பேச்சுவாக்கில், தான் பிறந்தது மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில் என்றார். கிறீன் யார் என்று அதன் பிறகுதான் படித்தேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர். தமிழ் கற்று, உடற்கூறு முதல் பிரசவ வைத்தியம் வரை நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். ஒரு கலைச்சொல்லுக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாரோ! அவரும் மிஷனரி, நானும் மிஷனரி. அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு, தாய்மொழியில் ஐந்து வாக்கியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

சென்ற மாதம் கிள்ளானுக்குப் போய்த் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்டைக்கு அந்த டொக்டர் என்னை ஏன் அப்பிடிப் பார்த்தவ எண்டு இப்பத்தான் விளங்குது" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊழியச் செய்தியில் எழுதிய சாட்சி பொய் என்று ஊர்ச் சபைகளுக்கு எழுதிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் சபையிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். டாக்டரிடமும் சொல்வதற்காக அந்த வார்டுக்குப் போனேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் மனதில் இன்றும் குற்றவாளி அந்தத் தாய்தான்.