பொஎமும் பவானி ஜமுக்காளமும்

'போஹோ' என்ற சொல் இப்போது துணிக்கடை, தலையணைக் கடை எங்கும் அடிபடுகிறது. போஹோ திரைச்சீலை, போஹோ விரிப்பு, போஹோ படுக்கையறை. பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்னைப் போலப் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக் கிழவர்களுக்கு இதன் மூலச் சொல் பழைய சிநேகிதம். நாங்கள் 'பொஎம்' என்போம். பிரெஞ்சில் அந்த ஹகரம் எழுத்தில் உண்டு, வாயில் இல்லை.

15ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு வந்து சேர்ந்த ரோமா நாடோடிகளை, பொஹேமியா நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணி, பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். அவர்கள் மொழியின் வேரோ நம் வட இந்தியாவில் இருக்கிறது. தண்ணீருக்கு இன்றும் 'பானி' என்கிறார்கள். பிறகு 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில், கையில் காசில்லாமல் மொட்டைமாடி அறைகளில் குடியிருந்த ஓவியர்களுக்கும் கவிஞர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களைப் பற்றி ஆன்றி முர்ழேர் எழுதிய நூல் 1851இல் வந்தது. அதை வைத்து இத்தாலியர் புச்சினி அமைத்த இசை நாடகம் 1896இல் அரங்கேறியது. எங்கள் இளமையில், 1965இல், அஸ்னவூர் அதே பெயரில் பாடிய பாட்டைப் புதுச்சேரியில் முணுமுணுக்காத பிரெஞ்சுப் பள்ளி மாணவன் இல்லை.

அந்த நாடகத்தில் ஒரு காட்சி. குளிர் தாங்காமல், தான் எழுதிய நாடகத்தின் காகிதங்களையே அடுப்பில் போட்டு எரிக்கிறான் கவிஞன். கடைசியில் நோயில் விழுந்த மிமியைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அவளுக்காக ஒருத்தி தன் தோட்டை விற்கிறாள். ஒருவன் தன் மேலங்கியை அடகு வைக்கப் போகிறான். பொஎம் வாழ்க்கை என்றால் இதுதான். ஜோடி சேர்த்து வாங்க வசதியில்லை, ஆகவே இருப்பதையும் கிடைப்பதையும் ஒன்றாகப் போட்டு அறையைச் சூடாக்கிக்கொள்வது. அந்த ஏழைகளின் அறையைத்தான் இன்றைக்குக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள்.

இவ்வளவு முன்னுரை ஏன் என்றால், போன வருஷம் எங்கள் வீட்டுப் படுக்கையறையே போஹோ ஆனது.

என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் வாரம் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ கட்டிலில் உட்காரக்கூட மறுத்தாள். பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பையன் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. "என்னங்க, லைட்டை நிறுத்துங்க" என்பதுதான் சில நாட்களில் அவள் பேசிய ஒரே வாக்கியம். எலும்பு கூடிவிடும், ஆள் கூடி வருவாளா என்ற பயம் எனக்கு. வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்தவள் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, ஆயா நாள் பூரா எதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்க?" கேட்டதோடு நிற்காமல், ஆயாவை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்த பத்து நிமிஷத்தில் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். படுத்துப் பார்த்தேன். நேர் மேலே டியூப் லைட், கண்ணில் குத்துகிறது. எதிரே பச்சை இரும்பு பீரோ, மஞ்சள் டிஸ்டெம்பர் சுவர், ஒரு வங்கிக் காலண்டர். முப்பத்தைந்து வருஷம் நான் வேலை பார்த்த ஆபீஸ் இதைவிடக் கலகலப்பாக இருந்தது.

"போஹோவா மாத்திடலாம் தாத்தா" என்றாள். மருத்துவச் செலவுக்குப் பிறகு பென்ஷனில் கையிருப்பு எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். 5,000 ரூபாய் ஒதுக்கினேன். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஆர்டர் போட்டேன்.

முதலில் சுவர். பெயிண்ட் அடிக்க முடியாது, வாசனை நோயாளிக்கு ஆகாது. டிரங்குப் பெட்டியில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளம் ஒன்று கிடந்தது. சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள். உதறி இரண்டு நாள் வெயிலில் போட்டு, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். கம்பியும் கொக்கியும் 250 ரூபாய்.

அடுத்து ஜன்னல்கள் இரண்டு. அவளுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்தோம். ஐந்தரை மீட்டர் என்றால் 18 அடி. நான்காக வெட்டினால் நாலரை அடி வீதம் இரண்டு ஜன்னலுக்கும் சரியாக வந்தது. தையற்கூலி 160, ஸ்பிரிங் கம்பி 180. காலை வெயில் அதன் வழியாக வரும்போது தரை முழுக்கச் சுங்குடிப் புள்ளி விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் சுவரை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அது எந்தப் புடவை? மதுரையில எடுத்ததா? அதையா வெட்டினீங்க?" என்று கோபமாகக் கேட்டாள். எனக்கு அந்தக் கோபம் அமிர்தமாக இருந்தது.

பிறகு கட்டில் விரிப்பு. கடையில் ஒட்டுப்போட்ட போஹோ விரிப்பு 3,800 ரூபாய் சொன்னார்கள். பேத்தி பீரோவைத் திறந்து, கிழிந்த பருத்திப் புடவைகளை எல்லாம் கட்டிலில் கொட்டினாள். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆயாவைத் தவிர யார் இருக்கிறார்கள்? படுத்துக்கொண்டு கலர் பார்க்க முடியவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை சொன்னாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அவளும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடித்துணிக்கு வெள்ளைக் காடா ஐந்து மீட்டர் 550, மிஷினில் ஒட்டுச் சேர்க்கத் தையற்காரருக்கு 600. மேலே ஓடுதையல் அவளே போட்டாள், தினமும் ஒரு முழம்.

டியூப் லைட்டை நிறுத்திவிட்டு, மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து விளக்குக் கூடாக்கினோம். கூடை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 150. ஹோல்டர், ஒயர் 180, மஞ்சள் ஒளி தரும் 7 வாட் எல்.இ.டி. பல்பு 120, எலெக்ட்ரீஷியன் கூலி 200. எல்.இ.டி.க்குச் சூடு குறைவு என்பதால்தான் கூடை. பழைய குண்டு பல்பை அதில் போட்டுவிடாதீர்கள்.

கட்டில் பக்கத்து மேஜைக்குச் செலவே இல்லை. என் தகப்பனார் சைகோனில் குமாஸ்தாவாக இருந்து திரும்பியபோது கொண்டுவந்த மரப்பெட்டி பரணில் இருந்தது. நம்மூரில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு சைகோன் பெட்டி உண்டு. அதன்மேல் 200 ரூபாய்க்கு வில்லியனூர்ச் சுடுமண் குதிரை ஒன்று. உட்கார வருபவர்களுக்கு 350 ரூபாயில் பிரம்பு முக்காலி. ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட். கொசு முட்டையிடும் என்பதால் வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுகிறோம். கட்டிலுக்கு மேல் வலை தொங்கவிடுவதும் போஹோவாம். அங்கே அது அலங்காரம், நமக்கு டெங்கு பயம். நாலு ஆணியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

படங்களில் பார்ப்பதில் சிலதை நாங்கள் செய்யவில்லை. வயதானவர்கள் உள்ள வீட்டில் நீங்களும் செய்யாதீர்கள். தரையில் கம்பளம் போடவில்லை. அதன் ஓரத்தில் வாக்கர் மாட்டினால் மறுபடி ஆஸ்பத்திரிதான். துணியெல்லாம் சுவருக்கும் கட்டிலுக்கும், தரை காலி என்று வைத்துக்கொண்டோம். தரையோடு மெத்தை போடுவது இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆகவே ஆகாது. தாழ உட்கார்ந்து எழக்கூடாது என்பார்கள் டாக்டர்கள். வலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் வேண்டாம்.

ஜமுக்காளம் ஒரு பக்கம் விரற்கடை இறங்கியிருந்தது. ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏற்றினால் மறுபக்கம் இறங்கும். ஒருநாள் பயிற்சிப் பையன் இருக்கும்போதே, "வாக்கரைக் கொடு தம்பி, இவருக்குக் காட்டினாத்தான் புரியும்" என்று எழுந்துவிட்டாள். எட்டு அடி. போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வலி துணியால் குறையவில்லை, மாத்திரையும் பயிற்சியும்தான் குறைத்தன. ஆனால் எழுந்திருக்க ஒரு காரணம் அந்தச் சுவரில் தொங்கியது.

மொத்தச் செலவு 2,940 ரூபாய். மிச்சம் 2,060இல் குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கைப்பிடி பொருத்தினேன், 1,900 ஆயிற்று. அது போஹோ கணக்கில் வராது என்றாள் பேத்தி. மேலங்கியை அடகு வைத்தவன் கதையைச் சொல்லி, வரும் என்றேன்.

வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், ஏதும் வாங்குவதற்கு முன் அவர்கள் கட்டிலில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். பழைய புடவைகளைப் பாத்திரக்காரனுக்குப் போடாதீர்கள்.

இப்போது அவள் கைத்தடியோடு தெருமுனைக் கோயில் வரை போய்வருகிறாள். அடுத்தது கூடத்தை மாற்ற வேண்டுமாம். அந்த ஃபைல் என் பரிசீலனையில் இருக்கிறது.