பழுவேட்டரையர் சோதனை

ஜூன் 8, 2025, ஞாயிறு. நிக்டி, புனே

மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். அம்மாவுக்கு வலக்கண்ணிலும் வந்துவிட்டது. இடக்கண் சில வருஷமாகவே சரியில்லை. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகும் நோய். ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை போய்விடும். சுவரில் தொங்கும் காலண்டரின் விளிம்பு தெரியும், தேதி தெரியாது. டாக்டர் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார். கோடெல்லாம் நடுவில் நெளிகிறது என்றாளாம். மாதத்துக்கு ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், முதலில் மூன்று. மேலும் கெடாமல் நிறுத்தத்தான் ஊசி. போன பார்வையில் எவ்வளவு திரும்பும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம்.

வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ராத்திரி பத்துப் பக்கமாவது வாசிக்காமல் விளக்கை அணைத்ததில்லை.

ஜூன் 10

முதல் ஊசி போட்டாகிவிட்டது. வலிக்கவே இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை.

ஜூன் 14, சனி

தினம் ராத்திரி போனில் நான் வாசிக்கிறேன், நீ கேள் என்று சொல்லியிருந்தேன். புதுமைப்பித்தன் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, காதில் ப்ளூடூத் மாட்டி, கால் மணி நேரம் வாசித்தேன். நடுவில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும், “ஏட்டி, சத்தம் நல்லாக் கேக்கு. சொல்லுதான் புரியல” என்றாள்.

கண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் காதை யாரும் நினைக்கவில்லை. எழுபத்தாறு வயது. வயதான காதில் முதலில் தேய்வது மேல்சுருதி. அ, ஆ, ஓ எல்லாம் கீழே இருப்பதால் கேட்கும். க, ச, ட, த எல்லாம் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டும் கூர்மை இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே. அது மங்கினால் சத்தம் வரும், சொல் வராது. இந்தப் பக்கத்திலும் குறை உண்டு. ப்ளூடூத்தில் மைக் திறந்ததுமே குரலின் தரம் இறங்கிவிடுகிறது. பழைய தொலைபேசிக் கம்பிகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். பேச்சுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டவர்கள் நல்ல காதை மனதில் வைத்துப் போட்டிருப்பார்கள்.

அம்மா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள். பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்புதான் அவளுக்கு அளவுகோல். வகுப்பில் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லித்தான் திருத்துவாள். அவளுக்கு அரைச் சொல்லை அனுப்ப மனம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று வாசிப்பு இல்லை. பண்டரிபுரம் போகும் துக்காராம் மகராஜின் பல்லக்கு நேற்று தேகுவிலிருந்து கிளம்பியது, இன்றைக்கு ஆகுர்டி விட்டல் கோயிலில் தங்கல். எங்கள் நிக்டி வழியாகத்தான் போகும். தலையில் துளசி மாடத்தோடு பெண்கள், தாளம், மிருதங்கம், சாலை கொள்ளாத கூட்டம். அம்மாவும் கேட்கட்டும் என்று வீடியோ அழைப்பில் பிடித்தேன். பத்து நிமிஷம் கழித்து அண்ணன் செய்தி அனுப்புகிறான்: “ஒண்ணும் கேக்கல. நடுவுல நடுவுல நீ பேசுதது மட்டும் வருது.”

அழைப்புச் செயலி இரைச்சலைக் குறைக்கிறது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் அதன் கணக்கில் இரைச்சல். ஆயிரம் பேர் சேர்ந்து எழுப்பும் தாளத்தை அது துடைத்துப் போட்டுவிட்டு என் குரலை மட்டும் அனுப்பியிருக்கிறது. தனியாகப் பதிந்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது. இனி வாசிப்பதையும் பதிந்தே அனுப்புவது என்று அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில் முடிவு செய்தேன்.

ஜூன் 28, சனி

அலுவலகத் தோழி தன் யுஎஸ்பி மைக்கைக் கொடுத்தாள். கண்டென்சர் வகை. சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வாசித்தேன். கேட்டுப் பார்த்தால் வீடு முழுக்க அதில் இருக்கிறது. மின்விசிறி, மூன்றாம் மாடிக் குக்கர், குயில், லிஃப்ட் கதவு, எல்லாவற்றுக்கும் அடியில் மெட்ரோ வேலையின் துளை இயந்திரம். பிம்ப்ரியிலிருந்து பக்தி சக்தி சவுக் வரை பாதையை நீட்டுகிறார்கள். சுமார் நாலரை கிலோமீட்டர், நான்கு நிலையங்கள், 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. வந்தால் எங்களுக்கெல்லாம் நல்லதுதான். அதுவரை பழைய மும்பை சாலையோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பகலில் அமைதி கிடையாது.

மைக்கில் பழுது ஒன்றும் இல்லை. கண்டென்சருக்குள் இருப்பது மெல்லிய சவ்வு, மின்னேற்றம் உள்ள தகட்டுக்கு எதிரே நிற்கிறது. சின்ன அசைவும் அதற்குப் போதும். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மின்னேற்றத்தைத் தானே தக்கவைத்துக்கொள்ளும் எலக்ட்ரெட் மைக்கைச் செய்த பிறகுதான் இந்த வகை மலிவாகி உலகம் முழுக்கப் போனது. அமைதியான அறை வைத்திருப்பவர்களுக்கு அது வரம். எங்கள் அறை அப்படி இல்லை. மொசைக் தரை, வெற்றுச் சுவர், கை தட்டினால் ‘ணங்’ என்று திரும்பி வருகிறது.

ஜூலை 5, சனி

பிம்ப்ரியில் மெட்ரோ ஏறி, கஸ்பா பேட்டில் இறங்கி, மைக் வாங்கத் தப்கீர் கல்லிக்குப் போனோம். மகனும் வந்தான். பத்தாம் வகுப்பு. கேம் விளையாடுவதை நேரலையில் காட்ட வேண்டும், அதற்கு விளக்கு எரிகிற மைக் வேண்டும் என்பது அவன் கட்சி. எனக்கு அலுவலக அழைப்புக்கு வேண்டும், அம்மாவுக்கு வாசிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒன்றுதான் வாங்க முடியும்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “தாயி, பாட்காஸ்டா, கேமிங்கா?” பாளையங்கோட்டைக்கு என்று பதில் வாய் வரை வந்தது. பின்னால் அலமாரி முழுக்க அஹூஜா மேடை மைக்குகள். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு மைக் செட்காரர் கொண்டுவருவதும் அதுதான். யுஎஸ்பி மைக்குகளில் பெரும்பாலானவை கண்டென்சர். நான்கு திசைகளிலும் மாற்றி மாற்றிக் கேட்கவைக்கலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். தனியாக உட்கார்ந்து வாசிப்பவளுக்கு நான்கு திசை எதற்கு? முன்பக்கம் மட்டும் கேட்டால் போதும், கார்டியாய்டு என்பார்கள், அது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சுக்கு 48 தாராளம். காதில் மாட்டிக் கேட்க மைக்கிலேயே துளை இருக்கிறதா, ஒலியளவு குமிழ் இருக்கிறதா, இந்த இரண்டையும் அவசியம் பார்க்க வேண்டும். நம் குரலை அந்தக் கணமே கேட்டால்தான் வாயை விலக்குவதும் நெருக்குவதும் கைவரும்.

எதுவும் வாங்காமல் திரும்பினோம். மகன் வழியெல்லாம் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

ஆர்டர் போட்டது வந்துவிட்டது. ஃபைஃபைன் ஏஎம்8. டைனமிக் வகை, விளக்கும் எரிகிறது. தேடி எடுத்தவன் மகன். நாளைக்குப் பெரிதாக எதுவும் செய்ய நினைத்தால் மிக்சரில் சொருக எக்ஸ்எல்ஆர் துளையும் உண்டு.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்துக்குள் அசைய வேண்டும். கனமான வேலை. அதனால் அதற்குக் காது மந்தம், வாயைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். கிட்டே போவதில்தான் முழு லாபமும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் இருந்தபடியே இருக்கும். நாற்பது சென்டிமீட்டரிலிருந்து பத்துக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். தோழியின் மைக்கையும் இப்படிக் கிட்டே வைத்திருந்தால் பாதித் தொல்லை போயிருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். “பழுவேட்டரையர்னு சொல்லிப் பாரு” என்றாள். பொன்னியின் செல்வனில் வரும் பெயர்.

அதைவிட நல்ல சோதனை எந்தப் பொறியாளருக்கும் தோன்றாது. முதல் எழுத்திலேயே ‘ப’. உதட்டைப் பிரித்ததும் காற்று நேரே மைக்கில் அடித்து ‘டொப்’ என்கிறது. பெரிய பழுவேட்டரையர் என்றால் இரண்டு அடி. பஞ்சுறை மாட்டினால் பாதி குறைகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் பக்கம் சற்றே ஒதுக்கி, நுனியை உதட்டோரம் பார்க்கத் திருப்பினால் காற்று விலகிப் போகிறது, குரல் மட்டும் விழுகிறது. அடுத்து ‘ழு’. நாக்கு வளைவது கேட்க வேண்டும். அதற்குள் ‘ட்ட’, பிறகு ‘ரை’. பதிந்து அனுப்பினேன்.

“பளு இல்ல, பழு. சரியா வந்திருக்கு.” இத்தனை நாளில் அவள் குரலில் இன்றுதான் டீச்சர் வந்தாள்.

ஜூலை 13

கம்பளியைக் கதவில் தொங்கவிட்டு, துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் வாசித்தேன். ‘ணங்’ போய்விட்டது. செலவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பதிவை ஆடாசிட்டி மென்பொருளில் சுத்தம் செய்வது மகனின் வேலை. கிட்டே பேசினால் அடிக்குரல் வீங்குகிறது. கேட்க கம்பீரம், ஆனால் ஆச்சி காதுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை என்று அவனே கண்டுபிடித்து, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மூவாயிரத்தின் பக்கம் கொஞ்சம் தூக்கிவிடுகிறான். நன்றாகவே இருக்கிறது. இந்த வாரம் இன்னும் ஒரு படி போய், நான் மூச்சு விடும் இடங்களையெல்லாம் தேடித் தேடி நீக்கியிருக்கிறான்.

அம்மா கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். “ஏட்டி, உடம்புக்கு என்ன? மூச்சே விடாம வாசிக்க?”

மூச்சுகளைத் திரும்பப் போடச் சொன்னேன். எங்கே வாக்கியம் முடியும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்வது அதுதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பொன்னியின் செல்வன் தொடங்கியாகிவிட்டது. கதை தொடங்கும் நாளும் இதுதான், வீராணம் ஏரிக்கரையில். அம்மா கேட்டு வாங்கிய நாள். பாளையங்கோட்டை வீட்டில் இருப்பது என் ஆச்சி கல்கியிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்த பிரதி, படங்களோடு. மடியில் அதை வைத்துக்கொண்டுதான் கேட்கிறாள் என்றான் அண்ணன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். நேற்று அனுப்பியதையும் கேட்கவில்லையாம். சத்தம் சரியில்லையா என்றேன். இல்லை. வேகமா? இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்:

“நீ வாசிச்சு நான் கேக்கது வேற. நானா வாசிக்கது வேற. நானா வாசிச்சா பிடிச்ச இடத்துல நிப்பேன். ரெண்டு பக்கம் பின்னால போவேன். இது என்னய இழுத்துட்டுப் போகு.”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நிறுத்தவும் பின்னால் தள்ளவும் போனில் பொத்தான் இருக்கிறது, அதைக் கண்ணால் தேட வேண்டும். எத்தனை டெசிபல், எத்தனை ஹெர்ட்ஸ் என்று இரண்டு மாதமாக நான் எழுதிவைத்த கணக்கில் இது எங்கும் இல்லை. சாயங்காலம் முழுக்க எதிலும் கை ஓடவில்லை. கணவர் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் விடு என்றார்.

ஆகஸ்ட் 21

தொட்டால் நிற்கும், தொட்டால் ஓடும் பழைய பாட்டுப் பெட்டி ஒன்றை மதினி அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய பொத்தான்கள். பென் டிரைவ் போடலாம்.

ஆகஸ்ட் 30, சனி

கணபதி. தோல்தாஷா மேளம் ராத்திரி வரை. இதற்கு முன் எந்த மைக்கும் நிற்காது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வாசிக்கிறேன், விசிறியை அணைத்து, மைக்குக்கு அடியில் மடித்த துண்டு வைத்து. மேஜையில் கை பட்டால்கூட இடி மாதிரி பதிவதற்குத் துண்டே மருந்து.

நேற்று அம்மாவிடமிருந்து குரல்செய்தி, மூன்று நிமிஷம். ஆழ்வார்க்கடியான் வாதாடுகிற இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேனாம், எங்கெல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தானே பேசிக் காட்டுகிறாள். புத்தகம் இல்லாமல், முக்கால்வாசி மனப்பாடமாக. மகன் அதைத் தனியாகச் சேமித்து வைத்துவிட்டு, ஆச்சிகிட்ட இன்னும் பேசச் சொல்லும்மா, இதையும் சுத்தம் பண்ணித் தாரேன் என்கிறான். விளக்கைப் பற்றி அவன் பேசி நாளாகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்றாவது ஊசியும் போட்டாகிவிட்டது. ஸ்கேனில் வீக்கம் குறைந்திருக்கிறதாம். அட்டையில் கோடுகள் இன்னும் நெளிகின்றன. அடுத்து என்ன என்பதை அடுத்த பரிசோதனையில்தான் சொல்வார்களாம்.

சென்னையில் இருக்கும் சித்தி மகள் பாட்காஸ்ட் தொடங்கப்போகிறாள், எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டாள். இப்படி எழுதி அனுப்பினேன்: சாலைச் சத்தம் கேட்கிற வீடு என்றால் டைனமிக், ஐயாயிரத்தை ஒட்டிய விலையிலேயே நல்லது கிடைக்கும். நாலு விரற்கடை தூரத்தில், கன்னத்தின் பக்கம் ஒதுக்கி வை. கம்பளி தொங்கவிடு. அழைப்பில் பேசும்போது ப்ளூடூத் மைக்கை அணைத்துவிட்டு இதைத் தேர்ந்தெடு. பணம் மிஞ்சினால் கேட்பவர் வீட்டில் நல்ல ஸ்பீக்கருக்குக் கொடு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் பதிவை அவர்களிடம் போட்டுக் காட்டி, சொல் புரிகிறதா என்று கேள்.

வந்தியத்தேவன் இப்போதுதான் தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கிறான். முதல் பாகத்தில் மட்டும் 57 அத்தியாயங்கள். அம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்கிற வேகத்தில் தீபாவளிக்குள் முடியாது.