இரண்டாம் மைல்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளனாய்ச் சேர்ந்த முதல் வாரம், "எக்ஸ்ட்ரா மைல் போகவேண்டும்" என்றார் மேற்பார்வையாளர். எங்கே போவதென்று திகைத்தேன், உடனிருந்தோர் நகைத்தனர். கடமைக்கு மேலும் உழைத்தலே அதன் பொருளாம்.

பின்னர் அதன் வேரைத் தேடினேன். மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் பிறந்த தொடர் அது. உரோமப் படையினர் பொதுமக்களைச் சுமை தூக்கக் கட்டாயப்படுத்திய காலம். முதல் மைல் கட்டாயம். இரண்டாம் மைலோ மனமுவந்து நடப்பது.

எனக்கோ, ஊதியமின்றி நின்ற மாலைகளுக்கும் அதுவே பெயராயிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் விதித்ததை அறிந்தபின், அந்நேரத்தைக் கணக்கேட்டில் எழுதுமாறு பணிவுடன் கேட்டேன். எழுதினார்கள்.

மாணவ நண்பர்களே! பிறமொழித் தொடரை அதன் வரலாற்றோடு கற்பீர். கட்டாயத்தால் நடப்பது எத்தனை மைலாயினும் முதல் மைலே.